ஆறாத சர்க்கரைப் புண்ணுக்கு ஸ்டெம் செல் ஊசி: யாருக்குப் பயன்படும், யாருக்குப் பணம்தான் போகும்

கேள்வி இது: அப்பாவுக்கு 61 வயது, 17 வருடச் சர்க்கரை. வலது பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்காலின் முன்மேட்டில் ஐந்து மாதமாக ஆறாத புண். வாரம் இரண்டு தடவை டிரெஸ்ஸிங். வலியே இல்லை என்று சொல்லி வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறார். இடுப்பெலும்பிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து அன்றைக்கே காலில் ஊசி போட்டுவிடலாம், மூன்று சிட்டிங் என்று ஒரு கிளினிக்கில் இரண்டரை லட்சம் கேட்கிறார்கள். போடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். ஸ்டெம் செல் வெறும் ஏமாற்று வேலை என்பதால் அல்ல. சில கால்களில் அதற்கு நியாயமான இடம் உண்டு. ஆனால் நீங்கள் சொன்ன விவரத்தைப் பார்த்தால் அப்பாவின் கால் அந்த வகையில் சேராது என்றே தோன்றுகிறது. சேருமா சேராதா என்று உறுதியாகச் சொல்லும் சோதனைகளை யாரும் செய்ததாகவும் உங்கள் கேள்வியில் இல்லை.

புண் ஆறாமல் நிற்க மூன்று பெரிய காரணங்கள்: கால் மரத்துப்போய் ஒரே இடத்தில் அழுத்தம் விழுவது, ரத்த ஓட்டம் குறைவது, உள்ளே எலும்பு வரை தொற்று போயிருப்பது. பல பேருக்கு இரண்டு சேர்ந்தே இருக்கும். இதில் எது என்று தெரியாமல் எந்த செல்லைப் போட்டாலும் பயனில்லை.

முதலில் ரத்த ஓட்டம். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து வரும் ஏ.பி.ஐ. எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ‘1.2, நார்மல்’ என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நாள்பட்ட சர்க்கரையில் தமனிச் சுவரில் கால்சியம் படிந்து குழாய் விறைத்துவிடும். பட்டையைக் காற்றடித்து இறுக்கினாலும் குழாய் நசுங்காது, அதனால் எண் பொய்யாகக் கூடிக் காட்டும். 1.3-க்கு மேல் வந்தால் அந்த எண்ணை நம்பவே கூடாது. கால் விரல் அழுத்தத்தையும் டாப்ளர் (ஒலி அலையால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் சோதனை) அலையின் வடிவத்தையும் கேளுங்கள். விரல் அழுத்தம் 30 மி.மீ.க்கு மேலோ, தோல்வழி ஆக்சிஜன் அளவு 25 மி.மீ.க்கு மேலோ இருந்தால் புண் ஆறும் வாய்ப்பு கூடுதல். விரல் அழுத்தம் 30-க்குக் கீழே, அல்லது கணுக்கால் அழுத்தம் 50-க்குக் கீழே, அல்லது ஏ.பி.ஐ. 0.5-க்குக் கீழே என்றால் உடனே வாஸ்குலர் சர்ஜனிடம் போய் ஆஞ்சியோ எடுக்க வேண்டிய கால் அது. அடைப்பை நீக்க முடியுமானால் ஆஞ்சியோபிளாஸ்டியோ பைபாஸோதான் வைத்தியம். திறக்கக்கூடிய அடைப்பைத் திறக்காமல் ஸ்டெம் செல் ஊசி போடுவது மருத்துவத் தவறு.

அடுத்து எலும்பு. சுத்தமான உலோகக் குச்சியைப் புண்ணுக்குள் மெல்ல விட்டுப் பார்க்கும்போது ‘டக்’ என்று கட்டியாகத் தட்டினால் எலும்பில் தொற்று இருக்கிறது என்று வலுவாகச் சந்தேகிக்க வேண்டும். ரத்தச் சோதனையில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். எண் 70-ஐத் தாண்டினால் சந்தேகம் இன்னும் கூடும். எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும் என்பதால் முதல் எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதை வைத்து நிம்மதி அடையக் கூடாது. சந்தேகம் தீராவிட்டால் எம்.ஆர்.ஐ. எலும்புத் தொற்று உறுதியானால், கெட்ட எலும்பை வெட்டி எடுக்காத பட்சத்தில் ஆன்டிபயாடிக் ஆறு வாரம் வரை போகும். சீழும் செத்த எலும்பும் உள்ளே இருக்கும் காலில் வெளியிலிருந்து உயிருள்ள செல்களைக் கொண்டுபோய் விட்டால் அவை அங்கே பிழைக்காது.

மூன்றாவது, அழுத்தம். வலி இல்லை, நடக்கிறார் என்று நீங்கள் ஆறுதலாக எழுதியிருக்கும் வரிதான் எனக்குக் கவலை தரும் வரி. 10 கிராம் மோனோஃபிலமென்ட் நைலான் இழையை உள்ளங்காலில் வைத்து அது வளையும் வரை அழுத்தும்போது அவருக்குத் தெரியவில்லை என்றால், பாதுகாப்பு உணர்வு போய்விட்டது என்று அர்த்தம். பெருவிரலுக்குக் கீழே, சுற்றிலும் தடித்த காய்ப்பு, நடுவில் வட்டமாகக் குழி, வலி கிடையாது. இது அழுத்தத்தால் வரும் புண்ணுக்கே உரிய அடையாளம். ஒவ்வோர் அடியிலும் புதிதாக நசுங்கும் திசு அது. வாரம் இரண்டு டிரெஸ்ஸிங் போட்டு, இடையில் ஆயிரக்கணக்கான அடி நடந்தால் எப்படி ஆறும்?

இனி ஸ்டெம் செல் விஷயத்துக்கு வருவோம். இந்த ஊசிகளில் வருவது பெரும்பாலும் மீசென்கைமல் வகை செல். எலும்பு மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி மூன்றிலிருந்தும் எடுக்கலாம். அந்த செல்லே போய்ப் புதுத் தோலாக, புது ரத்தக் குழாயாக மாறிவிடும் என்று விளம்பரப் படங்களில் காட்டுகிறார்கள். நடப்பது அது அல்ல. போட்ட செல்களில் பெரும்பாலானவை சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் செத்துப்போகும். உயிரோடு இருக்கும்வரை அவை சுரக்கும் வளர்ச்சிக் காரணிகள் பக்கத்துத் திசுவைத் தூண்டி நுண்குழாய்களை வளரச் செய்கின்றன, நாள்பட்ட அழற்சியைத் தணிக்கின்றன. பலன் வந்தால் இந்த வழியில்தான் வரும். கால் புண்ணுக்காகக் கை நரம்பில் டிரிப் ஏற்றுவதாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்: அப்படி ஏற்றும் செல்களில் பெரும்பங்கு நுரையீரலின் நுண்குழாய்களிலேயே சிக்கிக்கொள்ளும்.

‘அன்றைக்கே எடுத்து அன்றைக்கே போடுவது’ என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். மஜ்ஜையில் உட்கரு உள்ள செல்களில் மீசென்கைமல் செல் 0.001 முதல் 0.01 சதவீதம்தான். 60 மி.லி. மஜ்ஜை எடுத்து, மி.லி.க்கு 2 கோடி செல் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் மொத்தம் 120 கோடி. அதில் மீசென்கைமல் செல் 12,000 முதல் 1,20,000 வரை தேறும். முறையான ஆய்வுகளில் கொடுத்த ஓர் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 20 லட்சம் செல். 60 கிலோ ஆளுக்கு 12 கோடி. ஆயிரத்தில் ஒரு பங்கு கூடச் சரியாகத் தேறாது. அந்த எண்ணிக்கையை எட்ட வேண்டுமானால் தூய்மை அறை உள்ள ஆய்வகத்தில் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் செல்களை வளர்த்துப் பெருக்க வேண்டும். வளர்த்த பிறகு அவை மீசென்கைமல் செல்தானா என்று பார்க்கவும் சர்வதேச அளவுகோல் இருக்கிறது: செல்லின் மேற்பரப்பில் சி.டி.73, சி.டி.90, சி.டி.105 என்ற அடையாளப் புரதங்கள் மூன்றும் குறைந்தது 95 சதவீத செல்களில் இருக்க வேண்டும், சி.டி.45 போன்ற ரத்த செல் அடையாளங்கள் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கூடவே கிருமிச் சோதனை, எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) சோதனை, உயிருள்ள செல் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. மேசை மீது ஒரு சென்ட்ரிஃப்யூஜை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றில் எதையும் செய்ய முடியாது.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கே எடுத்த மஜ்ஜையின் ஒற்றை உட்கரு செல் கலவையை அப்படியே போடும் முறைக்கும் தனி ஆராய்ச்சி மரபு உண்டு. அதில் மீசென்கைமல் செல்லை நம்புவதில்லை. குழாய்ச் சுவரை உண்டாக்கும் முன்னோடி செல்களை நம்புகிறார்கள். 2002-இல் ஜப்பானியக் குழு ஒன்று, ரத்தம் போகாத கால்களின் கெண்டைச் சதையில் இந்தக் கலவையை ஊசியாகப் போட்டு, நான்கே வாரத்தில் அழுத்தமும் ஆக்சிஜனும் கூடின, ஓய்வு வலி குறைந்தது என்று வெளியிட்டது. உலகம் முழுக்க இந்தத் துறை சூடுபிடித்தது அதற்குப் பிறகுதான். ஆனால் அவர்கள் எடுத்தது அறுபது மி.லி. அல்ல, அரை லிட்டர் மஜ்ஜை.

பின்னால் நெதர்லாந்தில் 160 பேரை வைத்து யுவென்டாஸ் என்ற ஆய்வு நடந்து 2015-இல் வெளியானது. மஜ்ஜைக் கலவையைத் தமனி வழியாக மூன்று தடவை கொடுத்தார்கள். ஒப்பீட்டுக் குழுவுக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் போலிக் கலவை. ஆறு மாதத்தில் பெரிய அளவில் கால் எடுக்க வேண்டி வந்தது செல் கொடுத்த குழுவில் 19 சதவீதம், போலிக் குழுவில் 13 சதவீதம். புள்ளியியல்படி இதை வித்தியாசம் என்று சொல்ல முடியாது. பலன் இல்லை என்றுதான் சொல்ல முடியும். கவனிக்க வேண்டியது வேறொன்று: போலிக் கலவை வாங்கியவர்களுக்கும் வலி குறைந்தது, ஏ.பி.ஐ. கூடியது. ஒப்பீட்டுக் குழுவே இல்லாமல் ‘எங்கள் நோயாளிகளில் இத்தனை பேருக்குக் குணம்’ என்று கிளினிக் காட்டும் புகைப்பட ஆல்பத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதை இதிலிருந்தே எடைபோடலாம்.

மீசென்கைமல் செல்லுக்குச் சாதகமான முடிவுகளும் உள்ளன. சீனாவில் 2011-இல் வந்த ஓர் ஆய்வில், இரண்டு கால்களிலும் ரத்த ஓட்டம் குன்றிய 41 சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு காலில் செல், மறு காலில் வெறும் உப்புநீர். ஆய்வகத்தில் வளர்த்த மீசென்கைமல் செல் போட்ட கால்களில், மஜ்ஜைக் கலவை போட்ட கால்களைவிடப் புண் ஏறக்குறைய நான்கு வாரம் முன்னதாக ஆறியது. ஆனால் கால் எடுப்பதில் வேறுபாடு தெரியவில்லை. கொரியாவில் இன்னொரு வழி: இன்னொருவரின் கொழுப்பிலிருந்து வளர்த்த செல்களை ஹைட்ரோஜெல் தாளில் பதித்து, ஊசியே இல்லாமல் புண்ணின் மேல் ஒட்டுவது. 2019-இல் வந்த இரண்டாம் கட்ட ஆய்வில் 12 வாரத்தில் முழுவதும் மூடிய புண் 82 சதவீதம். செல் இல்லாத வெறும் பாலியூரித்தேன் படலம் போட்டவர்களில் 53 சதவீதம். நல்ல எண்தான். ஆனால் சிறிய ஆய்வு; அதோடு, செல்லே இல்லாமல் ஒழுங்கான கவனிப்பிலேயே பாதிப்பேருக்கு மேல் ஆறியிருக்கிறது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். சர்க்கரைப் பாதத்துக்கான சர்வதேசக் குழு 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஸ்டெம் செல்லை வழக்கமான சிகிச்சையாகச் சேர்க்கவில்லை. அதே குழு, நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்து செய்யும் வெள்ளணு-தட்டணு ஒட்டை, மற்ற கவனிப்பெல்லாம் செய்தும் ஆறாத புண்ணுக்கு யோசிக்கலாம் என்கிறது. அதற்கு ஆதாரமான 2018 ஆய்வில் 20 வாரத்தில் ஆறியவர்கள் 34 சதவீதம், ஒட்டு போடாதவர்களில் 22. அந்த ஒட்டு ஸ்டெம் செல் அல்ல. பி.ஆர்.பி. எனப்படும் தட்டணு செறிந்த ரத்தநீரும் அல்ல. பி.ஆர்.பி.யையே ஸ்டெம் செல் என்று பெயர் மாற்றி விற்கிற இடங்கள் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அப்படியானால் யாருக்கு யோசிக்கலாம்? ஆஞ்சியோ எடுத்து, திறக்கவும் முடியாது பைபாஸ் செய்யவும் முடியாது என்று வாஸ்குலர் சர்ஜன் எழுதிக் கொடுத்த கால், தொற்று அடங்கியிருக்கிறது, விரல் முழுதாகக் கருகிப் பரவவில்லை. இந்த நோயாளிக்கு அடுத்த வழி முழங்காலுக்குக் கீழே எடுப்பதுதான் என்றால், செல் சிகிச்சையைக் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. இந்தியாவில் பெங்களூரின் ஸ்டெம்பியூட்டிக்ஸ் தயாரிக்கும் ஸ்டெம்பியூசெல் இந்த மாதிரிக் கடுமையான ரத்த ஓட்டக் குறைவுக்கு மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரியின் அனுமதி பெற்றது. முதலில் பர்கர் நோய்க்கு (புகையிலைப் பழக்கத்தோடு சேர்ந்து வரும் கை, கால் ரத்தக் குழாய் அடைப்பு), பிறகு 2020-இல் விரிவாக. பல கொடையாளர்களின் மஜ்ஜை செல்லை வளர்த்துக் கலந்து உறைநிலையில் வைத்திருப்பார்கள். கிலோவுக்கு 20 லட்சம் என்ற அளவும் இதன் ஆய்வுகளில் வந்ததுதான். கெண்டைச் சதையில் பல இடங்களில் பிரித்துப் போட்டு, ஒரு பகுதியைப் புண்ணைச் சுற்றியும் போடுவார்கள்.

போடும் முறையிலும் கெடுவதற்கு நிறைய இடம் உண்டு. உறைந்த செல்லை திரவ நைட்ரஜனிலிருந்து எடுத்து 37 டிகிரி நீர்த்தொட்டியில் சட்டென்று உருக்கி, கழுவி, சீக்கிரமே போட்டுவிட வேண்டும். ஐஸ் பெட்டியில் வேறு ஊரிலிருந்து கொரியரில் வந்து, மதியம் வரை மேசையில் காத்திருக்கும் குப்பியில் எத்தனை செல் உயிரோடு இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. உருக்கிய பிறகு உயிருள்ள செல் எத்தனை சதவீதம் என்று அந்த இடத்திலேயே எண்ணிக் காட்டச் சொல்லுங்கள். போடுவதற்கு முன் செத்த திசுவையும் சுற்றுக் காய்ப்பையும் செதுக்கி, ரத்தம் கசியும் நல்ல திசு வரை வந்திருக்க வேண்டும். ஊசி புண்ணின் ஓரத்து நல்ல தோலுக்குள் போக வேண்டும், சுமார் ஒரு செ.மீ. இடைவெளியில். மஞ்சள் படிந்த புண் தரையில் குத்தினால் செல்லும் வீண், கிருமியும் உள்ளே போகும்.

புது ரத்தக் குழாய் வளர்ப்பதே நோக்கம் என்பதால், கண்ணில் தேவையில்லாத குழாய் வளர்ந்திருப்பவர்களையும் புற்றுநோய் வரலாறு உள்ளவர்களையும் ஆய்வுகளில் பொதுவாகச் சேர்ப்பதில்லை. 17 வருடச் சர்க்கரைக்காரருக்கு விழித்திரைச் சோதனை செய்யாமல் ஊசிக்குத் தேதி கொடுக்கும் இடத்துக்குப் பொறுப்பு இல்லை. தொற்று அபாயமும் கற்பனை அல்ல. அமெரிக்காவில் 2018-இல், தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து செய்ததாக விற்ற ஊசி போட்டுக்கொண்ட 12 பேர் பாக்டீரியாத் தொற்றோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். சொந்த செல்லில் அந்நியப் பொருள் பயம் குறைவு என்பது உண்மை. ஆனால் நாள்பட்ட சர்க்கரையில் வாழ்ந்த மஜ்ஜையின் செல்கள் எண்ணிக்கையிலும் வேலைத் திறனிலும் குறைந்தவை. அப்பாவின் மஜ்ஜையும் அதே சர்க்கரையில்தான் 17 வருடம் ஊறியிருக்கிறது. (பேரனுக்குச் சேமித்த தொப்புள்கொடியைத் தாத்தாவுக்குப் பயன்படுத்தலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். இந்திய விதிப்படி சேமிக்க அனுமதி உள்ளது தொப்புள்கொடி ரத்தத்துக்கு மட்டும்தான், கொடித் திசுவுக்கு இல்லை. கால் புண்ணுக்கு அது வழியும் அல்ல.)

சட்டமும் உங்கள் பக்கம்தான். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி, ரத்தம் சார்ந்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்றவை தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகள் எல்லாம் ஆராய்ச்சி நிலையில் உள்ளவை. ஸ்டெம்பியூசெல் போல் தனி அனுமதி பெற்ற பொருள் தவிர மற்றவற்றை அனுமதி பெற்ற மருத்துவச் சோதனையாக மட்டும் நடத்தலாம், அதற்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. ஆய்வகத்தில் வளர்த்து மாற்றிய செல், 2019-இன் புதிய மருந்து மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின் கீழ் புது மருந்தாகவே கருதப்படும். ஆகவே கிளினிக்கில் கேட்க வேண்டியது இரண்டே. அனுமதி பெற்ற பொருள் என்றால் அதன் பெயர், பேட்ச் எண், எந்த நோய்க்கு அனுமதி என்பது. ஆய்வு என்றால் சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு) பதிவு எண்ணும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும். பதிவேடு இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி திறந்தே இருக்கிறது. இரண்டில் எதற்கும் பதில் வராமல் இரண்டரை லட்சத்துக்கு மட்டும் ரசீது வரும் என்றால் முடிவெடுக்க வேறு எதுவும் தேவையில்லை.

அப்பாவுக்கு என்ன செய்வது? ரத்த ஓட்டம் போதுமானதாக, எலும்புத் தொற்று இல்லாமல் இருந்தால், அவருக்கு முழுத்தொடு மாவுக்கட்டுதான் முதல் வைத்தியம். கழற்ற முடியாத கட்டு. தொழுநோயில் மரத்த கால்களின் புண்ணுக்காக இலங்கையில் மருத்துவர் மில்ராய் பாலும், பின்னர் வேலூரில் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்டும் கையாண்டு வளர்த்த முறை இது. பிராண்ட் இதை அமெரிக்காவுக்கு எடுத்துப்போன பிறகு சர்க்கரைப் புண்ணுக்கும் பரவியது. மெல்லிய டிரெஸ்ஸிங், காலுறைத் துணி, கணுக்கால் முட்டிலும் முன் எலும்பிலும் ஃபெல்ட், விரல் மேல் நுரை. அதற்கு மேல் பஞ்சு குறைவாக வைத்து, பாதத்தின் வடிவத்தோடு ஒட்டும்படி மாவுக்கட்டு. எடை முன்பாதத்தில் குவியாமல் பாதம் முழுக்கவும் கெண்டைச் சுவரிலும் பரவிவிடும். முதல் கட்டை இரண்டு மூன்று நாளில் மாற்ற வேண்டும். வீக்கம் வடிந்து கட்டு தளர்ந்து, உள்ளே கால் உரசிப் புதுப் புண் வருவதுதான் இந்த முறையில் அதிகம் நடக்கும் தவறு. பிறகு வாரம் ஒரு தடவை. கட்டுக் கால் உயர்ந்துவிடுவதால் மறு கால் செருப்பையும் அதே அளவு உயர்த்த வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பு வலியும் தடுமாற்றமும் வரும்.

பலன் எவ்வளவு? 2001-இல் அமெரிக்காவில் நடந்த ஒப்பீட்டில் 12 வாரத்தில் ஆறியவர்கள் மாவுக்கட்டில் சுமார் 90 சதவீதம், கழற்றக்கூடிய பூட்ஸில் 65, முன்பாதம் தரையில் படாத பாதிச் செருப்பில் 58. பூட்ஸ் ஏன் தோற்றது என்று பின்னால் கருவி வைத்து அளந்தார்கள். நடந்த அடிகளில் 28 சதவீதத்துக்குத்தான் பூட்ஸ் காலில் இருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் வாசலிலேயே கழற்றி வைத்துவிடும் நம் பழக்கத்தில் அந்த எண் இன்னும் குறையத்தான் வாய்ப்பு.

குதிகால் தசைநாண் (அக்கிலிஸ்) இறுகி, பாதத்தை மேல்நோக்கி மடக்க முடியவில்லை என்றால் முன்பாதத்தில் அழுத்தம் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். அப்போது மாவுக்கட்டோடு குதிகால் தசைநாணை நீட்டும் சிறு அறுவையையும் கேளுங்கள். 2003-இல் வந்த ஆய்வில், அறுவை செய்தவர்களில் ஏழு மாதத்தில் புண் திரும்பியது 15 சதவீதத்தினருக்கு. மாவுக்கட்டு மட்டும் போட்டவர்களில் 59.

புண்ணின் நீளத்தையும் அகலத்தையும் ஒவ்வொரு வாரமும் அளவுகோல் வைத்து எழுதி வையுங்கள். 3 செ.மீ.க்கு 2 என்றால் பரப்பு 6. நான்கு வாரத்தில் அது 3 ஆகக் குறைய வேண்டும். பாதியாகக் குறையாத புண் 12 வாரத்தில் ஆறுவது அபூர்வம். அப்போதுதான் ரத்த ஓட்டம், எலும்பு, அழுத்தம் மூன்றையும் திரும்பச் சோதித்து, அதன் பிறகு வெள்ளணு-தட்டணு ஒட்டு, வளர்ச்சிக் காரணி ஜெல், செல் சிகிச்சை ஆய்வு என்று மேலே போக வேண்டும்.

ஆறிய பிறகு எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலர் ரப்பர்) செருப்பு, வீட்டுக்குள்ளும். ஆறியவர்களில் 40 சதவீதத்தினருக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வருகிறது. தமிழ்நாட்டில் ‘பாதம் பாதுகாப்போம்’ திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் பாதச் சோதனை நடக்கிறது. மோனோஃபிலமென்ட் சோதனைக்குத் தனியாகச் செலவழிக்கத் தேவையில்லை.

இதற்கிடையில் சிவப்பு புண் ஓரத்திலிருந்து 2 செ.மீ.யைத் தாண்டிப் பரவினாலோ, காய்ச்சல், குளிர், துர்நாற்றம், விரல் கருத்துப்போவது, காரணமில்லாமல் சர்க்கரை ஏறுவது எதுவாயினும் தெரிந்தாலோ, அடுத்த டிரெஸ்ஸிங் நாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே அறுவை வசதி உள்ள மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். மாவுக்கட்டு போட்டிருந்தால் முதலில் அதை வெட்டி எடுத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.